கரைப் பழக்கத்தோடு கடலில் இறங்காதீர்கள்

ஃபுளோரிடாவுக்குக் கேமராவோடு போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பயணத்தில் இரண்டையும் முடித்துவிடப் பார்ப்பார்கள். ஒரு நாள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பறவைகளும் முதலைகளும், மறுநாள் கீ லார்கோ பக்கம் பவளப்பாறைகள். கரையில் கைகொடுத்த பழக்கமே தண்ணீருக்குள் காலை வாரிவிடும் என்பது படங்களைத் திறந்து பார்க்கும்போதுதான் தெரியும்.

முதலில் தூரம். கரையில் கிட்டப் போவதுதான் தவறு. எவர்கிளேட்ஸின் அன்ஹிங்கா நடைபாதையை ஒட்டியே அலிகேட்டர் முதலைகள் மரக்கட்டை மாதிரிக் கிடக்கும். அசையவில்லையே என்று, கண் மட்டத்தில் படமெடுக்கும் ஆசையில் கரையோரம் குப்புறப் படுப்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். தள்ளி நின்று, தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலி லென்ஸில் எடுங்கள். தூரம் கூடக் கூடக் கோணம் தானாகவே தாழ்ந்துவிடும். இரை போட்டுக் கிட்ட வரவைக்கலாம் என்று நினைத்தால், அது அந்த மாநிலச் சட்டப்படி குற்றம்.

தண்ணீருக்குள் கதை நேர்மாறு. கேமராவுக்கும் மீனுக்கும் நடுவில் நிற்கும் தண்ணீர் நிறத்தையும் தெளிவையும் தின்றுவிடும். முதலில் போவது சிவப்பு. 5 மீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெரும்பகுதி காணாமல் போகும். இதில் பலர் மறப்பது, ஆழத்தோடு மீனிலிருந்து லென்ஸ் வரையுள்ள தூரமும் சேரும் என்பதை. அதனால் எட்ட நின்று ஜூம் செய்த படம் வெறும் நீலக் கஞ்சியாக வரும். அகலக் கோண லென்ஸ் போட்டு, கை எட்டும் தூரத்தில் எடுப்பதுதான் வழி. முகமூடிக் கண்ணாடி வழியே பார்க்கும்போது எல்லாம் இருப்பதைவிடக் கிட்டத்தில், ஏறக்குறைய முக்கால் தூரத்தில் இருப்பதாகத் தெரியும். கிட்டத்தான் இருக்கிறோம் என்று தோன்றும்போதும் இன்னும் கொஞ்சம் இடைவெளி பாக்கி இருக்கும்.

கிட்டப் போவது என்றால் துரத்துவது இல்லை. குளிர்காலத்தில் கடல் குளிர்ந்ததும், கடற்பசு வகையான மனாட்டிகள் ஃபுளோரிடாவின் மேற்குக் கரையிலுள்ள கிரிஸ்டல் ரிவர் என்ற ஊர்ப் பக்கத்து ஊற்றுகளுக்கு வந்து சேரும். அங்கே ஆண்டு முழுக்கத் தண்ணீர் 22 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். வெதுவெதுப்பை நம்பி வந்த விலங்கை விரட்டிக் குளிர்ந்த தண்ணீருக்குத் தள்ளினால் அதன் உடல்நிலையே கெடும். அதைத் தொந்தரவு செய்வது சட்டவிரோதமும்கூட. சுயநலமாகப் பார்த்தாலும் லாபமில்லை: துரத்துகிறவருக்குக் கிடைப்பது வால் படம்தான், காலில் மாட்டிய துடுப்பு உதைத்த உதையில் கிளம்பிய வண்டலோடு. மேற்பரப்பில் சும்மா மிதந்தபடி காத்திருங்கள். சில மனாட்டிகள் தாமாகவே என்னவென்று பார்க்க வரும்.

அப்புறம் ஃபிளாஷ். தண்ணீருக்குள் கேமராவின் சொந்த ஃபிளாஷை அடித்தால் நடுவில் மிதக்கும் துகள்கள் எல்லாம் மின்னி, படத்தில் பனி பெய்த மாதிரி ஆகிவிடும். தனி ஃபிளாஷ்களை இரண்டு பக்கமும் அகல விரித்து, கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். ஆழம் குறைந்த இடத்தில் வெயிலே போதும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்து, வைட் பேலன்ஸை, அதாவது நிறச் சமநிலையை, அப்புறம் திருத்தலாம். ஆனால் ஆழத்தில் அடியோடு போன சிவப்பை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

ஏசி அறையும் இப்படித்தான் இரட்டை வேடம் போடும். குளிர்ந்த அறையிலிருந்து கேமராவை நேரே புழுக்கத்துக்குள் கொண்டுபோனால் லென்ஸ் பனிமூட்டமாகிவிடும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். கேமராவைத் தண்ணீர் புகாமல் காக்கும் உறையான நீரடி ஹவுசிங்கை மட்டும், கேமராவை உள்ளே வைத்து, அதே ஏசி அறையில் மூட வேண்டும். படகில் வைத்து மூடினால் ஈரக் காற்று உள்ளே சிக்கி, குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் கண்ணாடியில் படியும். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று இருக்கட்டும்.

கரையில் சில சில்லறைத் தவறுகள். கறுத்த தண்ணீர் முன்னால் நிற்கும் வெண்கொக்கைக் கேமராவின் கணக்குக்கு விட்டால் இறகெல்லாம் வெளுத்துப்போகும். ஒளியளவை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறையுங்கள். டீட் என்ற ரசாயனம் கலந்த கொசு மருந்து பிளாஸ்டிக்கை இளக்கும், பூசிய கையோடு கேமராவைத் தொடாதீர்கள். முடிந்தால் டிசம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் போங்கள். அப்போது தண்ணீர் வற்றிப் பறவைகள் மிச்சமிருக்கும் குட்டைகளில் கூடும், கொசுவும் குறைவு.

கடைசியாக ஓ-ரிங், அதாவது ஹவுசிங்கின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம். அதில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தால் போதும், தண்ணீர் உள்ளே வர. பயந்துபோய்க் கிரீஸை அப்பினால் அதுவே மணலை இழுக்கும்; ரப்பர் பளபளக்கும் அளவு போதும். ஒருமுறை ஹவுசிங் கசிந்து ஒரு கேமராவைப் பறிகொடுத்த பிறகு, நான் முதலில் காலி ஹவுசிங்குக்குள் ஒரு டிஷ்யூ தாளைப் போட்டு மூடி, வாளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் அமுக்கி வைக்கிறேன். தாள் காய்ந்தே இருந்தால்தான் கேமரா உள்ளே போகும்.