எண்டோஸ்கோபிக்கு மலை இறங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் வண்டிப்பெரியாறு, பீர்மேடு எஸ்டேட் பக்கத்துத் தமிழர்களில் பலர் எண்டோஸ்கோபிக்கு, அதாவது வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றின் உள்ளே பார்க்கும் பரிசோதனைக்கு, குமுளி மலை இறங்கித் தேனிக்கோ மதுரைக்கோதான் போகிறார்கள். குமுளியிலிருந்து தேனியே சுமார் 60 கிலோமீட்டர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, விடியுமுன் பஸ் ஏற வேண்டும். அதனாலேயே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. வழியில் ஒரு டீ குடித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டால் "ஒண்ணும் சாப்பிடலை" என்று சொல்லிவிடுவது. உண்மையைச் சொன்னால் இன்னொரு நாள் வரச் சொல்வார்களோ என்ற பயம்.

தயவுசெய்து இதை மட்டும் மறைக்காதீர்கள். தொண்டையை மரத்துப்போக வைக்க மருந்து அடித்திருப்பார்கள், சிலருக்கு மயக்க ஊசியும் போட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் வயிற்றில் இருப்பது எதுக்களித்து மேலே வந்தால் இருமித் தள்ள முடியாது, நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். நிமோனியா வரை கொண்டுபோய்விடும். பால் கலந்த டீ சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும். பொதுவாக 6 முதல் 8 மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். வெறும் தண்ணீரைப் பல இடங்களில் 2 மணி நேரம் முன்புவரை அனுமதிப்பார்கள். உங்கள் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி நடந்துகொள்ளுங்கள். தெரியாமல் குடித்துவிட்டால் சொல்லிவிட்டு, மதியத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். வெற்றிலை, புகையிலை, பீடி எதுவும் அன்று காலை வேண்டாம்.

நெஞ்செரிகிறது என்று காலையில் ஜெலுசில் மாதிரி மருந்தை ஒரு மூடி குடித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அது வயிற்றின் உள்சுவரில் வெள்ளையாகப் படிந்து, புண்ணை மறைத்துவிடும். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் மாத்திரைகளில் வேறொரு சிக்கல் இருக்கிறது. வயிற்றில் புண் உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமிக்குப் பரிசோதனை செய்வதாக இருந்தால் 2 வாரம் முன்பே இவற்றை நிறுத்தச் சொல்வார்கள். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். தேதி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மலைப்பாதைக்கே உரிய இன்னொன்று: கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வரும் என்று பலர் அவோமின் போட்டுக்கொள்வார்கள். அது தூக்கத்தைக் கொடுக்கிற மாத்திரை. அதற்கு மேல் மயக்க ஊசியும் சேர்ந்தால் மயக்கம் கூடும். போட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதய நோய்க்கு ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், யாரோ சொன்னார்கள் என்று தாங்களாக நிறுத்தக்கூடாது. நிறுத்துவதால் மாரடைப்போ பக்கவாதமோ வரும் ஆபத்து உண்டு. சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் வெறும் வயிற்றில் எடுத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். அன்றைக்கு எவ்வளவு, எப்போது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, முதல் ஆளாகப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரைப் பெயர் நினைவில்லையா? அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

உள்ளே என்ன நடக்கும்? கழற்றுகிற பல்செட் இருந்தால் எடுத்துவிடுவார்கள். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பல்லுக்கிடையே பிளாஸ்டிக் வளையம் வைப்பார்கள். குழாய் ஏறக்குறைய சுண்டுவிரல் பருமன்தான். மூச்சு முட்டும் என்ற பயத்தில் சிலர் கையால் பிடித்து இழுத்துவிடுகிறார்கள்; தொண்டை கிழியக்கூடிய காரியம் அது. குழாய் போவது உணவுக்குழாயில், மூச்சுக்குழல் தனி. மூக்கால் நிதானமாக மூச்சு விடுங்கள், எச்சிலை விழுங்காமல் வழிய விடுங்கள். காற்று ஊதுவதால் வயிறு உப்பும், ஏப்பம் வரும். கூச்சப்பட வேண்டாம். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பரிசோதனைக்காக உள்ளிருந்து துளி சதை எடுத்தாலும் வலிக்காது.

முடிந்ததும் பசியில் உடனே சூடாகச் சாப்பிடாதீர்கள். மரத்த தொண்டைக்குச் சூடும் தெரியாது, புரையேறவும் செய்யும். மரப்பு போனபின் முதலில் ஒரு வாய் தண்ணீர் விழுங்கிப் பாருங்கள், அப்புறம் ஆறின கஞ்சியோ இட்லியோ. மயக்க ஊசி போட்டிருந்தால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது, பத்திரத்தில் கையெழுத்தும் கூடாது. தெளிவாக இருப்பதுபோலத்தான் தோன்றும். மலையடிவாரத்து லோயர் கேம்பிலிருந்து மேலேறும் வளைவுகளில் பைக்கை எடுத்துச் சோதிக்க வேண்டாம். துணைக்கு ஒருவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

தொண்டைக் கரகரப்பு ஓரிரு நாளில் சரியாகிவிடும். கடுமையான நெஞ்சுவலி, வயிற்றுவலி, காய்ச்சல், ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பு மலம் இவற்றில் எது வந்தாலும் தேனி வரை போய்த்தான் காட்ட வேண்டும் என்று காத்திருக்காமல், பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ரிப்போர்ட்டோடு போய்விடுங்கள்.

சதை எடுத்திருந்தால் அதன் முடிவு வரச் சில நாள் ஆகும். வலி குறைந்துவிட்டது, மறுபடி யார் மலை இறங்குவது என்று அதை வாங்காமலே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான், ஏனென்றால் புற்றுநோயின் ஆரம்பம் சில சமயம் அந்தத் தாளில் மட்டும்தான் தெரியும். எப்போது வரும், போட்டோவாக அனுப்புவார்களா, கம்பத்திலோ தேனியிலோ இருக்கும் சொந்தக்காரர் ரசீதைக் காட்டி வாங்கலாமா என்று அன்றைக்கே கவுண்டரில் கேட்டு, ரசீதின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.