'பாஸ்' என்ற ஒரு சொல்லை முழுசாகப் பிடிப்பது எப்படி?

செங்கோட்டையிலிருந்து புனலூர் போகிற பஸ்ஸில் ஏறுங்கள். புளியரை வரைக்கும் போகிற பள்ளிக்கூடப் பையன் சட்டைப் பையிலிருந்து ஓரம் கிழிந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து பாஸைக் காட்டுவான். சோதனைச் சாவடியில் லோடு லாரிக்காரர் ஒரு பாஸை நீட்டுவார். பின் சீட்டில் யாரோ, மகள் பிளஸ் டூ பாஸ் என்று போனில் சொல்வார். அப்புறம், பஸ் ஏறிப் போகிற அந்த மலை இடைவெளிக்கே இங்கிலீஷில் 'ஆரியங்காவு பாஸ்' என்றுதான் பெயர்.

மாலையில் என்னிடம் இங்கிலீஷ் படிக்க வருகிறவர்கள் கேட்பது இதுதான்: "ஒரு சொல்லுக்கு இத்தனை அர்த்தமா அக்கா? எதைன்னு மனப்பாடம் பண்றது?" மனப்பாடமே வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கோடு போடுங்கள்

நோட்டில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு. இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி, இரண்டையும் சேர்த்து ஓர் அம்பு. அதுதான் 'பாஸ்'. இதன் மூலம் காலடி என்று பொருள்படும் 'பாஸுஸ்' என்ற லத்தீன் சொல். அது பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தது. அடி எடுத்து வைத்து ஒன்றைக் கடப்பது, அவ்வளவுதான்.

படி 2: எது எதைக் கடக்கிறது?

எங்கே இந்தச் சொல்லைப் பார்த்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். கணவாயில் பாதை மலையைக் கடக்கிறது. தேர்வில் மாணவர் மதிப்பெண் கோட்டைக் கடக்கிறார். 'பாஸ் தி சால்ட்' என்றால் உப்பு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது. சட்டமன்றத்தில் மசோதா வாக்கெடுப்பைக் கடக்கிறது. ஆஸ்பத்திரியில் 'யூரின் பாஸ் ஆச்சா?' என்று நர்ஸ் கேட்பதும் இதே கணக்குதான். பஸ் பாஸும் 2020-ல் நாம் அலைந்து வாங்கிய இ-பாஸும் கடப்பதற்கான அனுமதி.

உரிமை கைமாறுவதற்கும் இதே சொல் வரும். திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது. 'செங்கோட்டை பாஸ்ட் டு மெட்ராஸ் ஸ்டேட்' என்று எழுதலாம். ஊர் இருந்த இடத்தில்தான் இருந்தது, ஆட்சி உரிமைதான் கடந்து வந்தது.

படி 3: வால் சொற்களைக் கவனியுங்கள்

'பாஸ் ஆன்' என்றால் கேட்டதை, வாங்கியதை அடுத்தவருக்குக் கொடுப்பது. 'பாஸ் பை' என்றால் பக்கமாகக் கடந்து போவது. இவற்றில் சிக்கல் இல்லை.

'பாஸ் அவுட்'தான் காலை வாரும். என்னிடம் படித்த தம்பி ஒருவன் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்தான். முதல் வரியே 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2019'. நம் ஊரில் இதற்குப் படிப்பை முடித்தேன் என்று அர்த்தம். வெளிநாட்டில் இந்த வரியைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர், 2019-ல் மயங்கி விழுந்தேன் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'ஐ கிராஜுவேட்டட் இன் 2019' என்று மாற்றச் சொன்னேன். ராணுவப் பயிற்சி முடிக்கிறவர்களின் 'பாசிங் அவுட் பரேட்' மட்டும் சரியான பிரயோகம், அதை மாற்ற வேண்டாம்.

படி 4: இரண்டு 'பாஸ்ட்'

காதுக்கு ஒரே ஒலி, எழுத்து வேறு. ஒன்று பி, ஏ, எஸ், எஸ், ஈ, டி. இன்னொன்று பி, ஏ, எஸ், டி. வாக்கியத்தில் வேறு வினைச்சொல் இருக்கிறதா என்று பாருங்கள். 'தி பஸ் வென்ட் பாஸ்ட் தி டெம்பிள்' என்பதில் 'வென்ட்' இருக்கிறது, எனவே குட்டையானது. 'தி பஸ் பாஸ்ட் தி டெம்பிள்' என்பதில் வேறு வினை இல்லை, எனவே நீளமானது. குட்டையானதும் பழங்காலத்தில் நீளமானதின் இன்னொரு வடிவம்தான். கடந்துபோனதால் அது 'பாஸ்ட்', கடந்த காலம்.

படி 5: தமிழில் தேடுங்கள்

எனக்கு ரொம்பப் பிடித்த படி இது. பாஸ்போர்ட்டுக்குக் கடவுச்சீட்டு, பாஸ்வேர்டுக்குக் கடவுச்சொல் என்று நாம் சொல்கிறோம். இரண்டிலும் இருப்பது கடப்பது என்ற பொருள்தான். இதைவிட ஆழமாக ஒன்று உண்டு. பழந்தமிழில் 'இற' என்றால் கடந்து போவது, எல்லை மீறுவது. அதனால்தான் இலக்கணத்தில் அது இறந்த காலம். அதனால்தான் உயிர் நீத்தவர் இறந்தார். இங்கிலீஷ்காரர் 'பாஸ்ட்' என்றும் 'பாஸ்ட் அவே' என்றும் சொல்வதை நம் முன்னோர் ஒரே வேரில் சொல்லிவிட்டார்கள். 310-ஆவது குறளைப் பாருங்கள்: 'இறந்தார் இறந்தார் அனையர்'. முதல் இறந்தார், சினத்தில் எல்லை கடந்தவர். இரண்டாவது, செத்தவர். அந்த முதல் இறந்தாருக்குப் பக்கத்தில் 'டிரெஸ்பாஸ்' என்று எழுதி வையுங்கள். அதற்கும் வேர்ப்பொருள் தாண்டிக் கடப்பது.

வீட்டுப்பாடம்

அடுத்த பயணத்தில் காதில் விழும் ஐந்து 'பாஸ்'களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் கோடும் அம்பும் போடுங்கள். வகுப்புக்கு வருகிற லாரிக்கார அண்ணாச்சி ஒருவர் கடலை விற்பவர் கூவிய 'டைம்பாஸ்' என்பதைக் கொண்டுவந்தார். கோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு ஊர்களை எழுதி, அம்பின் மேல் 'நேரம்' என்று போட்டிருந்தார். சரியான விடை. பக்கத்தில், வெளியூர்க்காரரிடம் பேசும்போது 'பாஸ் தி டைம்' என்று சொல்லுங்கள் என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.