மெய்ப் பகுப்பியலில் முதல் நிறுவலை எழுதுவது எப்படி?

நுண்கணிதம் வரை நன்றாகக் கணக்குப் போட்டவர்கள்கூட, எல்லை, தொடர்ச்சி போன்றவற்றை வரையறையிலிருந்து நிறுவும் மெய்ப் பகுப்பியல் வகுப்பில் முதல் மாதமே திணறுவார்கள். அவர்கள் சூத்திரங்களை மறந்துவிடவில்லை. வரையறையைச் சொல் சொல்லாக வாசிக்க யாரும் அவர்களைப் பழக்கவில்லை, அவ்வளவுதான். ஒரே ஒரு வரையறையை எடுத்துக்கொண்டு அந்தப் பழக்கத்தைத் தொடங்குவோம். தொடர்வரிசை என்பது வரிசையாக முடிவின்றி வரும் எண்கள். அதில் உறுப்பின் வரிசை எண்ணை ‘ந’ என்றும், நாம் தேடப்போகும் எண்ணை ‘ம’ என்றும் குறிக்கிறேன். ‘எப்சிலான்’ என்பது தூரத்துக்கு நாம் வைக்கும் அளவு; எவ்வளவு சிறியதாகவும் இருக்கலாம்.

படி 1: வரையறையை வரிசை பிசகாமல் எழுதுங்கள்

ஒரு தொடர்வரிசை ஓர் எல்லைக்கு ஒருங்குகிறது என்றால்: பூச்சியத்தைவிடப் பெரிய ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஓர் இயல் எண் ம இருக்கிறது, ந ≥ ம ஆகும்போதெல்லாம், ந-ஆவது உறுப்புக்கும் எல்லைக்கும் உள்ள தூரம் எப்சிலானைவிடக் குறைவு.

எப்சிலான் முதலில் வருகிறது, ம பின்னால் வருகிறது. ஆகவே ம, எப்சிலானைப் பொறுத்து மாறலாம். இப்போது இந்த வரிசையைப் புரட்டிப் பாருங்கள்: “எல்லா எப்சிலானுக்கும் பொருந்தும் ஒரே ம இருக்கிறது.” அப்படியானால் ம-வுக்குப் பிறகு வரும் உறுப்புகள் அனைத்தும் எல்லைக்கே சமமாக இருந்தாக வேண்டும். 1, 1/2, 1/3 என்று பூச்சியத்தை நெருங்கும் தொடர்வரிசைகூட ஒருங்காததாகிவிடும். ஏன் என்று தாளில் எழுதிப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இது சொல் விளையாட்டு அல்ல. தொடர்ச்சியான சார்புகளின் ஒருங்கும் தொடருக்குக் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானதே என்று 1821இல் கணிதவியலாளர் கோஷி எழுதினார். அதற்கு விதிவிலக்கு உண்டு என்று 1826இல் இன்னொரு கணிதவியலாளரான ஆபெல் காட்டினார். ம ஒவ்வொரு புள்ளிக்கும் மாறலாமா, எல்லாப் புள்ளிகளுக்கும் ஒன்றேதானா என்ற வேறுபாடுதான் அங்கே சிக்கல். ‘சீரான ஒருங்குதல்’ என்ற கருத்து இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

படி 2: வரைவுத் தாளில் பின்னோக்கிப் போங்கள்

(2ந + 3)/(ந + 1) என்ற தொடர்வரிசை 2-க்கு ஒருங்குகிறது என்று நிறுவ வேண்டும். தூரத்தைக் கணக்கிடுங்கள்: உறுப்பிலிருந்து 2-ஐக் கழித்தால் 1/(ந + 1) மிஞ்சும். இது எப்சிலானைவிடக் குறைய, ந + 1 என்பது 1/எப்சிலானைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஆகவே 1/எப்சிலானைவிடப் பெரிய எந்த இயல் எண்ணும் ம-வாகப் போதும். மிகச் சிறிய ம-வைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். வரையறை அதைக் கேட்கவே இல்லை.

படி 3: விடைத்தாளில் முன்னோக்கி எழுதுங்கள்

“எப்சிலான் > 0 என்க. 1/எப்சிலானைவிடப் பெரிய இயல் எண் ம-வைத் தேர்ந்தெடுப்போம். எந்த மெய்யெண்ணைவிடவும் பெரிய இயல் எண் உண்டு என்னும் ஆர்க்கிமிடீஸ் பண்பின்படி அத்தகைய எண் உண்டு. ந ≥ ம எனில், ந + 1 > 1/எப்சிலான். ஆகவே தூரம் 1/(ந + 1) < எப்சிலான்.”

வரைவுத் தாளில் கடைசியாகக் கிடைத்த ம, இங்கே இரண்டாம் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. பாடநூல் நிறுவல்கள் மாயமாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்: வரைவுத் தாளை அச்சிடுவதில்லை. ஆகவே நூலில் ஒரு நிறுவலைப் படிக்கும்போது, அதற்குப் பின்னால் இருந்திருக்கும் வரைவை நீங்களே எழுதிப் பாருங்கள். மெதுவாகத்தான் போகும். பத்துப் பக்கம் ஓட்டிப் படிப்பதைவிட இப்படி ஒரு பக்கம் படிப்பதையே நான் விரும்புவேன்.

படி 4: மறுப்பையும் எழுதுங்கள்

ஒரு தொடர்வரிசை ஓர் எல்லைக்கு ஒருங்கவில்லை என்று சொல்ல, படி 1-இன் வரையறையை மறுக்க வேண்டும். அப்போது ‘ஒவ்வொரு’ என்பது ‘ஏதோ ஒரு’ ஆகும். ‘ஏதோ ஒரு’ என்பது ‘ஒவ்வொரு’ ஆகும். அதாவது, ஏதோ ஓர் எப்சிலான் இருக்கிறது. எந்த ம-வை எடுத்தாலும், அதற்குக் குறையாத ஏதோ ஒரு ந-இல் தூரம் எப்சிலானுக்குக் குறையாமல் நிற்கிறது.

1, −1, 1, −1 என்று மாறி மாறி வரும் தொடர்வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எல்லை உண்டு என வைத்து, எப்சிலானை 1 என்று எடுங்கள். ம-வுக்குப் பிறகு அடுத்தடுத்த இரண்டு உறுப்புகளும் எல்லையிலிருந்து 1-ஐவிடக் குறைந்த தூரத்தில் இருக்க வேண்டும். முக்கோணச் சமனிலியின்படி, அதாவது இரண்டு எண்களுக்கு இடையிலான தூரம் மூன்றாவது ஓர் எண்ணிலிருந்து அவற்றுக்குள்ள தூரங்களின் கூட்டுத்தொகையை மிஞ்சாது என்பதால், அவற்றுக்கு இடையிலான தூரம் 2-ஐவிடக் குறைவு. ஆனால் அந்தத் தூரம் சரியாக 2. முரண்பாடு.

படி 5: நிபந்தனையை நீக்கிப் பாருங்கள்

மூடிய (முனைப் புள்ளிகளையும் உள்ளடக்கிய), வரம்புள்ள இடைவெளியில் தொடர்ச்சியான சார்புக்கு மீப்பெரு மதிப்பு உண்டு என்பது தேற்றம். ‘மூடிய’ என்ற சொல்லை அடித்துவிட்டு, 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட திறந்த இடைவெளியில் தலைகீழிச் சார்பை, அதாவது ஒவ்வோர் எண்ணுக்கும் 1-ஐ அந்த எண்ணால் வகுத்து வருவதைத் தரும் சார்பை, வைத்துப் பாருங்கள். பூச்சியத்தை நெருங்க நெருங்க அது வரம்பின்றி வளர்கிறது. அடுத்து ‘வரம்புள்ள’ என்ற சொல்லை அடியுங்கள், பிறகு ‘தொடர்ச்சியான’ என்பதை. அந்த இரண்டுக்குமான எதிர்க்காட்டுகளை நீங்களே கண்டுபிடியுங்கள்.