வாலபியைப் பார்க்க வேண்டுமா, முதலில் புல்லைப் பாருங்கள்

ஆஸ்திரேலியாவில் கங்காருவைப் பார்ப்பது பெரிய காரியமே இல்லை, ஊருக்கு வெளியே திறந்த புல்வெளி எதையாவது பார்த்து மாலையில் போனால் நாலாவது நின்றுகொண்டிருக்கும். அதன் சின்னச் சொந்தமான வாலபி அப்படியில்லை. உருவம் சிறியது, புதரை விட்டு ரொம்ப தூரம் வராது, ஆள் அரவம் கேட்டால் இரண்டே தாவலில் காணாமல் போய்விடும். அதனால் விலங்கைத் தேடிக் காடெல்லாம் கண்ணை ஓட்டுவதில் பிரயோஜனம் கம்மி. கீழே என்ன புல் முளைத்திருக்கிறது, அதை யார் மேய்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கப் பழகிக்கொண்டால், எங்கே உட்கார்ந்து காத்திருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

எந்த வாலபி என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் ஒரே சாப்பாடு இல்லை. கிழக்குப் பக்கக் காடுகளில் அதிகம் கண்ணில் படுவது இரண்டு. ஒன்று செங்கழுத்து வாலபி: பிடரியும் தோளும் செம்பழுப்பு, மூக்கும் பாதங்களும் கறுப்பு, மேலுதட்டை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு. டாஸ்மேனியாவில் இதையே பென்னட் வாலபி என்பார்கள். இது சரியான புல் மேய்ச்சல்காரன். இன்னொன்று ஸ்வாம்ப் வாலபி. உடம்பெல்லாம் கருத்த பழுப்பு, கன்னத்தில் வெளிறிய பட்டை, ஓடும்போது தலையைத் தாழ்த்தி வாலை நேராக நீட்டிக்கொண்டு ஓடும். பேரில்தான் சதுப்பு இருக்கிறதே தவிர, அடர்ந்த புதர் இருந்தால் காய்ந்த காட்டிலும் இருக்கும். புல்லும் தின்னும், ஆனால் புதர்த் தழை, பெரணி, கோரை என்று எதையும் விடாது. மாட்டுக்கு ஆகாத பிராக்கன் பெரணியைக்கூடச் சாவகாசமாக மெல்லும். மண்ணுக்கடியில் வளரும் ட்ரஃபிள் வகைக் காளான்களைத் தோண்டித் தின்று, அவற்றின் வித்துகளைப் புழுக்கையோடு வேறு இடத்தில் போட்டுவிட்டுப் போகும். காட்டு மரங்களின் வேருக்கு இந்தக் காளான்கள் வேண்டும் என்பதால் இது சின்ன வேலை இல்லை.

சரி, புல்லுக்கு வருவோம். நாலைந்து தெரிந்தால் போதும்.

கங்காரு புல்லை யாரும் தவறவிட முடியாது. கொத்தாக வளர்ந்து, கோடையில் (அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை) செம்பழுப்பு நிறக் கதிர்கள் தொங்கும். வெயில் காலத்துப் புல் இது, குளிர் வந்தால் இலை துரு நிறமாகக் காய்ந்துவிடும். வாலபி புல் இதற்கு நேர் எதிர். சின்னச் சின்னக் குத்தாக இருக்கும், வெயில் குறைந்த மாதங்களிலும் பச்சை விடாது, கதிர் முற்றினால் வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போல இருக்கும். கதிர் இல்லாத நேரத்தில் கண்டுபிடிக்க ஒரு வழி: இலையைத் தண்டோடு சேருகிற இடத்தில் மெதுவாகப் பின்னால் வளைத்துப் பாருங்கள், அங்கே சவ்வு இருக்காது, மெல்லிய ரோமங்கள் வரிசையாக நிற்கும், இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் நீளமாக. ஒரு சின்ன லென்ஸ் கையில் இருந்தால் சுகம். இந்த ஓர் அடையாளத்தை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள், வேறு சில புற்களுக்கும் ரோமம் உண்டு.

மூன்றாவது வீப்பிங் புல், எனக்கு இதுதான் முக்கியம். யூகலிப்டஸ் மர நிழலிலும் வளரும், குளிர்காலத்திலும் பச்சையாக இருக்கும், கதிர் வளைந்து தலைகுனிந்து நிற்கும். இலை நுனிக்குச் சற்றுக் கீழே யாரோ நகத்தால் கிள்ளியது போல ஒரு சுருக்கம் இருக்கும், அதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். ஈரமான ஓடைக்கரைகளில் உயரமாகக் குத்துக் குத்தாக நிற்பது போவா டஸக் புல். இதையும் செரேட்டட் டஸக் என்ற அந்நியக் களையையும் நிறையப் பேர் குழப்பிக்கொள்வார்கள். ஓர் இலையை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டுங்கள், களை ஊசி மாதிரி வழுவழுவென்று உருளும், போவா தட்டையான பக்கங்களால் தடுக்கித் தடுக்கித்தான் உருளும்.

தண்ணீர் ஓரம் நாணலும் கோரையும். கோரைத் தண்டை உருட்டினால் பெரும்பாலும் மூன்று விளிம்பு கைக்குத் தட்டுப்படும், புல்லின் தண்டு உருண்டையாக இருக்கும். கோரை இலையை மட்டும் உருவிப் பார்க்க வேண்டாம், சில வகைகள் கையைக் கிழித்துவிடும்.

இப்போது இதையெல்லாம் பருவத்தோடு சேர்த்துப் பாருங்கள். கோடையில் மழை பெய்து கங்காரு புல் தளிர்விட்டிருந்தால், செங்கழுத்து வாலபிகள் காட்டின் நடுவே இருக்கும் புல்வெளித் திட்டுகளுக்கு வரும். குளிர்காலத்தில் அந்தத் திட்டெல்லாம் காய்ந்து கிடக்கும்போது அங்கே போய் உட்காருவது நேர விரயம். மரத்தடிக்கு, வீப்பிங் புல்லும் வாலபி புல்லும் இருக்கும் இடத்துக்குப் போங்கள். தீ வைத்த அல்லது தீப்பிடித்த இடத்தில் சில வாரங்கள் கழித்து மழையோடு இளம்புல் வந்தால் அதைவிட நல்ல இடம் கிடைக்காது, பாதுகாப்புக்காக மூடி வைத்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள். குவீன்ஸ்லாந்தின் புன்யா மலையில் மழைக்காட்டுக்கு நடுவே இயற்கைப் புல்வெளிகள் இருக்கின்றன. பூர்வகுடி மக்கள் காலங்காலமாகத் தீ வைத்துப் பராமரித்தவை, அந்த வழக்கம் நின்றபின் காடு மெல்ல அவற்றை விழுங்கிக்கொண்டிருக்கிறது. செங்கழுத்து வாலபியை நிதானமாகப் பார்க்க அதை அடித்துக்கொள்ள இடம் இல்லை.

இடத்துக்குப் போனதும் புல்வெளியின் நடுவே போகாதீர்கள். விளிம்பைப் பிடித்து நடங்கள், ஒரு பக்கம் புதர், ஒரு பக்கம் புல் இருக்கும்படி. பெரணிக்கும் கோரைக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்குச் சுரங்கம் மாதிரி வழி போகும், வாலபிகள் அதே தடத்தில் திரும்பத் திரும்பப் போய்வந்து உண்டாக்கியது. அந்த வாயிலில் புல் கட்டையாக மேயப்பட்டிருக்கிறதா, புழுக்கை ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றை உடைத்துப் பார்த்தால் ஸ்வாம்ப் வாலபியுடையதில் நார் முரடாகத் தெரியும். சின்ன உருண்டைப் புழுக்கை குவியலாகக் கிடந்து, தண்டு கத்தியால் சீவியது போலச் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால் அது முயல் வேலை.

பிறகு காற்று உங்கள் முகத்தில் அடிக்கிற பக்கமாக ஓர் இடம் பிடித்து உட்காருங்கள். விடிந்ததும் அந்தி நேரமும் நல்லது. ஸ்வாம்ப் வாலபி பகலிலும் மேயும், மேகமூட்டமான நாளில் நிறையவே. காலால் தரையை 'தப்'பென்று அறைந்தால் அது உங்களைக் கண்டுவிட்டது என்று அர்த்தம், பேசாமல் அசையாமல் இருங்கள். விக்டோரியாவில் ஃபிலிப் தீவு புதியவர்களுக்கு நல்ல தொடக்கம். நரித் தொல்லையை ஒழித்துவிட்டதாக 2017-ல் அறிவித்த தீவு அது, ஸ்வாம்ப் வாலபி சாலையோரத்திலேயே கிடைக்கும்.

வடக்கே கக்காடு தேசியப் பூங்கா பக்கம் கதை வேறு. அங்கே அஜைல் வாலபி, இடுப்பில் வெளிறிய கோடு இருக்கும், கூட்டமாக மேயும். மழைக்காலத்தில் சமவெளி முழுக்கத் தண்ணீர். மே மாதத்துக்குப் பிறகு தண்ணீர் வற்ற வற்ற அதன் பின்னாலேயே பச்சை விளிம்பு நகரும், வாலபிகளும் அதன் கூடவே இறங்கும். ஆனால் அந்த விளிம்புக்கு நீங்கள் இறங்கக் கூடாது, முதலை இருக்கும். மாமுகாலா மாதிரி இடங்களில் பார்வை மேடை இருக்கிறது, அங்கிருந்து பைனாகுலரில் பார்த்தால் போதும். அந்தச் சமவெளியில் பாரா புல், மேட்டில் 4 மீட்டர் வரை வளரும் காம்பா புல் என்று ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை நாட்டுப் புல்லை நெருக்கிக்கொண்டிருக்கின்றன. காம்பா காய்ந்து பற்றினால் எரிகிற தீ மரத்தையே கொன்றுவிடும். அதனால் எந்தக் காட்டுக்குள் போவதற்கு முன்னாலும் ஷூவையும் சாக்ஸையும் தட்டி விதைகளை எடுத்துவிடுங்கள். முழுக்கால் பேன்ட் போடுங்கள், தெற்கத்திச் சதுப்புகளில் டைகர் பாம்பும் உண்டு, அட்டையும் உண்ணியும் கேட்கவே வேண்டாம்.

ரொட்டி, பிஸ்கட், ஒன்றும் கொடுக்காதீர்கள். மென்மையான தீனியும் ஒரே இடத்தில் கூட்டமாக வந்து தின்பதும் சேர்ந்தால் தாடை வீங்கி அழுகுகிற நோய் வரும், கடைசியில் மேயவே முடியாமல் போகும்.

திரும்பி வரும்போது இருட்டியிருக்கும், மெதுவாக ஓட்டுங்கள், ஒன்று சாலையைக் கடந்தால் பின்னால் இன்னொன்று வரலாம். அடிபட்டுச் செத்துக் கிடப்பது பெட்டையாக இருந்தால், வண்டியைப் பத்திரமாக ஓரங்கட்டிவிட்டு அதன் வயிற்றுப் பையைப் பாருங்கள். குட்டி உயிரோடு காம்பைக் கவ்விக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், வாய் கிழிந்துவிடும். நியூ சவுத் வேல்ஸில் வயர்ஸ், விக்டோரியாவில் வைல்ட்லைஃப் விக்டோரியா, இந்த வனவிலங்கு மீட்பு அமைப்புகளுக்குப் போன் போட்டால் என்ன செய்யவேண்டும் என்று சொல்லுவார்கள். அந்த எண்களைக் கிளம்பும் முன்பே போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், காட்டுப் பாதையில் தேடிக்கொண்டிருக்க சிக்னல் இருக்காது.