தனிமையிலிருந்து மீண்டும் மனிதர்களிடம் செல்வது எப்படி?

நெடுநாள் தனிமையில் இருந்த மனம் பிறரைச் சற்று அச்சத்தோடே பார்க்கப் பழகிவிடுகிறது. பதில் வராத குறுஞ்செய்தியைக்கூட அது புறக்கணிப்பாகவே எடுத்துக்கொள்கிறது. ஆகவே, மீண்டும் மனிதர்களோடு பழக விரும்புகிறவர், இந்த ஐயம் தனிமையால் விளைந்ததாக இருக்கலாம், எதிரில் இருப்பவரின் எண்ணமாக இல்லாமலும் இருக்கலாம் என்று முதலில் தமக்குத் தாமே நினைவூட்டிக்கொள்ள வேண்டும்.

தொடக்கம் ஏற்கெனவே அறிந்த ஒருவரிடமிருந்தே இருக்கட்டும். தொடர்பு விட்டுப்போன நண்பருக்கு நீண்ட விளக்கமோ மன்னிப்போ எழுத வேண்டியதில்லை. 'உன் நினைவு வந்தது, எப்படி இருக்கிறாய்?' என்ற ஒரு வரியே போதும்.

புதிய நட்புக்குத் தேவைப்படுவது காலம். அமெரிக்கப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. வாரம் 2 மணி நேரம் சந்தித்தால், 200 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 ஆண்டுகள் ஆகும். மூன்றாவது சந்திப்பிலேயே 'எனக்கு யாரும் ஒட்டவில்லை' என்று விலகிவிடுவோரை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நடைப்பயிற்சிக் குழுவோ, தன்னார்வப் பணியோ, அதே மனிதர்களை அதே நேரத்தில் திரும்பத் திரும்பச் சந்திக்கும் ஏற்பாடு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை மட்டும் கூடிக் கலையும் விழாக்களில் இது கிடைப்பதில்லை.

துணையின் பயன் உடலிலும் தெரிகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கோன் குழுவினரின் 2006ஆம் ஆண்டு ஆய்வில், மின்னதிர்ச்சி வரக்கூடும் என்று காத்திருந்த பெண்கள் கணவரின் கையைப் பற்றியிருந்தபோது, அச்சுறுத்தலுக்கு அவர்களின் மூளை காட்டிய எதிர்வினை குறைந்தது. அதனால், மருத்துவமனைக்கோ நேர்காணலுக்கோ செல்லும் நாளில் 'கூட வர முடியுமா?' என்று கேட்கத் தயங்காதீர்கள். அப்படிக் கேட்கப்பட்டவர், தம்மை நம்பி அழைத்ததற்காக மகிழ்வதையே நான் பெரும்பாலும் கண்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒருவர் மனம் திறந்தால், அறிவுரையைத் தள்ளிவைத்துவிட்டு, 'நான் கேட்டுக்கொண்டிருந்தால் போதுமா, வழி ஏதும் யோசிக்கலாமா?' என்று அவரிடமே கேளுங்கள்.

மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், நட்பை மட்டும் நம்பியிராமல் மருத்துவரைப் பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தாலோ, ஒரு நாளும் காத்திராமல், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் உடனே சொல்லி, அவரையே துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.