தூண்டில் தடியின் தக்கைப் பிடி: வழுக்கலும் நாற்றமும் போன கதை

மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில் கொடுவா மீனுக்கு இறாலை இரையாக வைத்துத் தூண்டில் போட்டுவிட்டு வந்தால் தடியின் பிடி வழுக்கும், இறால் நாற்றம் அடிக்கும். வெறும் அழுக்கு என்றுதான் நினைத்தேன். பிளீச் போட்டேன், தக்கை வெளுத்து வறண்டதுதான் மிச்சம். தேங்காய் எண்ணெய் தடவினேன், இன்னும் வழுக்கியது. முரட்டு சாண்ட்பேப்பரால் தேய்த்ததும் குழிகள் பெரிதாகின. நாலு நாள் வீண்.

அப்புறம் வெயிலில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பிடியில் இருந்த கறுப்புப் புள்ளிகள் கறையே அல்ல, குழிகள். தக்கை மரப்பட்டைதானே, இயல்பாகவே குழி இருக்கும். செய்பவர்கள் அதில் தக்கைத் தூளும் பசையும் அடைத்திருப்பார்கள். அது உதிர்ந்த குழிகளில்தான் இறால் சாறு இறுகிக் கிடந்தது.

வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் தூரிகை. கழுவி, நிழலில் 2 நாள் காயவிட்டேன். உடைந்த பழைய தடியின் பிடியைத் தேய்த்துத் தூள் எடுத்து, நீர் தாங்கும் மரப்பசையில் களிபோலக் குழைத்துக் குழிகளில் அமுக்கினேன். பசை கூடினால் காய்ந்ததும் கல்லாகி மேடு தட்டும், கவனம். 24 மணி நேரம் கழித்து, தடியில் டேப் சுற்றிவிட்டு 240, பிறகு 400 நம்பர் சாண்ட்பேப்பரால் மெதுவாகத் தேய்த்தேன்.

மூன்று வாரமாக வாவிக்குப் போய் வருகிறேன். வழுக்கலும் இல்லை, நாற்றமும் இல்லை. பெரிய நிம்மதி. இப்போது வந்தவுடன் நல்ல தண்ணீரில் துடைத்து, உறையில் போடாமல் சுவரில் சாய்த்து வைக்கிறேன்.