சிங்கப்பூர் கட்டுமான வேலையிலிருந்து திடீரென நிறுத்தினால்

"நாளைக்கு வேலைக்கு வராதே, பர்மிட்டை ரத்து பண்ணியாச்சு" என்று கம்பெனி சொன்ன தேதியை முதலில் குறித்து வையுங்கள். முறையற்ற பணிநீக்கம் என்று புகார் கொடுக்க, வேலையின் கடைசி நாளிலிருந்து 1 மாதம்தான் அவகாசம். சம்பள பாக்கி, ஓவர்டைம் (ஓ.டி.) பாக்கி, நோட்டீஸ் சம்பளம் (முன்னறிவிப்பு கொடுக்காமல் நிறுத்தியதற்கு ஈடாகத் தர வேண்டிய பணம்) ஆகியவற்றுக்கு 6 மாதம். பாக்கி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பவர்கள் முதல் உரிமையை இழந்துவிடுகிறார்கள்.

அடுத்தது காரணம். வழக்கு நிற்பதும் விழுவதும் இதில்தான். முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, காரணமே சொல்லாமல் நிறுத்தினால் அதைப் பொதுவாக முறையற்ற நீக்கமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காரணம் சொல்லி, அது பொய் என்று நிரூபணமானால் கதை வேறு. "வேலை இல்லை" என்று உங்களை அனுப்பிவிட்டு, அதே வேலைக்கு உடனே இன்னொருவரை எடுப்பது அப்படிப்பட்டது. சம்பளம் கேட்டதற்காக நீக்குவதும், மிரட்டி ராஜினாமா எழுதி வாங்குவதும் இதில் சேரும். தவறு செய்ததாகச் சொல்லி நோட்டீஸ் இல்லாமல் அனுப்புவதானால், முதலில் விசாரணை நடத்தி உங்கள் பேச்சையும் கேட்டிருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதாவிட்டால் சட்டம் சொல்லும் கணக்கு: 26 வாரத்துக்குக் குறைவான சர்வீசுக்கு 1 நாள், 2 வருடத்துக்குள் 1 வாரம், 5 வருடத்துக்குள் 2 வாரம், அதற்கு மேல் 4 வாரம்.

ஐபிஏ கடிதம் (வேலை பர்மிட்டுக்கு முன் வரும் கொள்கையளவு ஒப்புதல் கடிதம்), சம்பளச் சீட்டு, டைம் கார்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஊரில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். சூப்பர்வைசரின் வாட்ஸ்அப் செய்திகளை, எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அனுப்பியவர் பிறகு அழித்துவிடலாம். டைம் கார்டு கையில் இல்லையா? தினமும் வேலைக்குப் போன நேரம், முடித்த நேரத்தை நோட்டில் எழுதிவந்தால் அதுவும் உதவும். "எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளிலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். டிக்கெட் கையில் கொடுத்து அவசரப்படுத்தும்போதுதான் பலர் இதில் மாட்டுகிறார்கள்.

புகாரை சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான உங்கள் கணக்கு) மூலம், டிஏடிஎம் (TADM) என்ற, அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்த முத்தரப்பு அமைப்பில் பதிய வேண்டும். சிங்பாஸில் இருப்பது உங்கள் சொந்தக் கைபேசி எண்தானா என்று இன்றே பாருங்கள். முதலில் சமரசப் பேச்சு நடக்கும். உடன்பாடு வராவிட்டால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து 4 வாரத்துக்குள் வேலை உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது, ஆகவே நடந்ததைத் தேதிவாரியாக ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள். கோரக்கூடிய தொகையின் உச்ச வரம்பு 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). தொழிற்சங்கம் வழியாக முத்தரப்புச் சமரசத்துக்குப் போனால் 30,000.

அடிபட்ட பிறகு நீக்கினார்கள் என்றால் காயத்துக்கான இழப்பீடு தனி வழக்கு; விபத்து நடந்து 1 வருடத்துக்குள் கோர வேண்டும்.

வழக்கு முடியும்வரை சிங்கப்பூரில் தங்கியிருக்க ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிக அனுமதி கிடைக்கலாம். அனுமதியில்லாமல் அதில் வேலை செய்தால் வழக்கையும் கெடுக்கும், திரும்பி வரும் வாய்ப்பையும் கெடுக்கும். வலுக்கட்டாயமாக விமான நிலையத்துக்கு அழைத்துப் போனால், குடிநுழைவு கவுன்ட்டரைத் தாண்டுவதற்கு முன்பே "எனக்குச் சம்பள பாக்கி இருக்கிறது, போக விருப்பமில்லை" என்று அதிகாரியிடம் சொல்லுங்கள். எந்த நேரமானாலும் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை 6536 2692 என்ற எண்ணில் அழைக்கலாம்.